போர்க்கால நாளிதழை லேமினேட் செய்யாதீர்கள்

பழைய காகிதங்களைச் செப்பனிடும் எங்களிடம் மறுபடியும் ஒன்று வந்துவிட்டது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த செய்தி தாங்கிய ஆங்கில நாளிதழ். பர்மா போர்முனையில் இருந்த தாத்தாவின் நினைவாக, அப்பாவுக்குப் பரிசளிக்கப் பேரன் தேடிப்பிடித்து வாங்கியது. கடைக்காரர் 'காலத்துக்கும் கெடாது சார்' என்று லேமினேட் செய்து கொடுத்திருக்கிறார். மடிப்பில் உதிர்ந்த இரண்டு துணுக்குகள், எழுத்து தலைகீழாக, உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்துத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். சூட்டில் உருகிய பசை காகித நாருக்குள் இறங்கிவிட்டது. இனி பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்துவரும்.

'காற்றுப் பட்டால்தானே பழுப்பாகும், மூடிவிட்டால் நின்றுவிடும்' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இல்லை! கேடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. நாளிதழ்க் காகிதம் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்தது, மர நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாதது. அமிலம் அதற்குள்ளேயே ஊறுகிறது. பிளாஸ்டிக்கால் மூடினால் அந்த அமிலத்தையும் சேர்த்து அடைத்துவைக்கிறீர்கள். ஒரு காலத்தில் ஆவணக் காப்பகங்களே செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் படலம் கொண்டு லேமினேட் செய்தன. அந்த ஏடுகளைப் பிரித்தெடுக்கும் வேலை எங்கள் துறையில் இன்றும் நடக்கிறது.

வாங்குமுன் அசல்தானா என்று பாருங்கள். 1941இல் ஹவாயின் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய நாளில் அங்குள்ள ஹோனலூலு ஸ்டார்-புல்லட்டின் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பதிப்புக்கு மறுபதிப்புகள் ஏராளம். அக்கால நாளிதழ்கள் பெரும்பாலும் ஈய அச்சில் அழுத்தி அடித்தவை. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் பின்புறம் எழுத்தின் தடம் மெல்லத் தெரியும். ஈய எழுத்து அழுந்தாத ஆப்செட் முறையில் அடித்த மறுபதிப்பில் அது இருக்காது. முதல் பக்கம் முழுக்க விளம்பரமாக இருக்கிறதே என்று சந்தேகப்படவும் வேண்டாம். லண்டன் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போடத் தொடங்கியதே 1966இல்தான்.

வாங்கியாயிற்றா? செலோடேப்பைத் தொடாதீர்கள். சுருட்டாதீர்கள். புதிதாக ஒரு மடிப்புகூடப் போடாதீர்கள். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு எடுங்கள். அமிலமற்ற அட்டை உறையில், தட்டையான பெட்டியில், வெளிச்சமும் ஈரமும் எட்டாத அலமாரியில் வையுங்கள். பரண் வேண்டாம், வெயில் காலத்தில் அது அடுப்பு. எடுத்துக் காட்ட வேண்டுமென்றால் பாலியெஸ்டர் உறை போதும். அதன் ஓரங்களை ஒட்டி மூடாதீர்கள், அமிலத்தைத் தணிக்க, பின்னால் காரத்தன்மையுள்ள தாள் ஒன்றைச் செருகுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது.

சுவரில் மாட்டியே ஆக வேண்டுமா? நல்ல நகல் எடுத்து அதற்குச் சட்டம் போடுங்கள். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே கொண்டுவாருங்கள், தயவுசெய்து. உதிர்ந்த துணுக்குகளையும் ஒரு தாள் உறையில் போட்டு எடுத்துவாருங்கள். ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் கொண்டு ஒட்டித் தருகிறோம். தேவைப்பட்டால் நாளை அதை நனைத்துப் பிரிக்கவும் முடியும்.