தருணாஸ்தி 'இளவெலும்பு' அல்ல, குருத்தெலும்பு

அண்ணன் மகனுக்கு 19 வயது, கபடி ஆடுகிறவன். கவட்டைக்குள் குத்துகிறது என்று ஆறு மாதமாக நொண்டினான். திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கையெழுத்துக்குக் கொடுத்த தமிழ்த் தாளில் 'இளவெலும்புச் சேதம், அறுவைச் சீரமைப்பு' என்று இருந்தது. படித்த அண்ணி, "பிள்ளைக்கு எலும்பே முத்தலயாம், அதுக்குள்ள கத்தி வைக்கணுமா?" என்று அழுதுவிட்டார். மார்த்தாண்டம் பக்கம் இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது நான்காவது முறை.

குருத்தெலும்புக்கு மலையாளத்தில் தருணாஸ்தி. தருணம் இளமை, அஸ்தி எலும்பு. பழைய ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் பிரித்த ஐந்து வகை எலும்புகளில் தருணமும் ஒன்று. கேரளத்தில் அது பழகிய சொல், யாரும் குழம்புவதில்லை. அதை இரண்டாகப் பிளந்து தமிழாக்கியதுதான் தப்பு. இளம்பிள்ளை வாதம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு 'இள' என்றாலே நோயாளியின் வயதுதான் தோன்றும், அதிலும் நோயாளி சின்னப் பையன் என்றால் கேட்கவே வேண்டாம். குளச்சலில் கரைக்கு வரும் சுறாவுக்கு உடம்பு முழுக்க இந்த எலும்புதான். வயதான சுறாவுக்கும் அது இளவெலும்பா?

'குருத்தும் இளசுதானே' என்று ஒரு நண்பர் மடக்கினார். இல்லை, குருத்து மரத்தின் வயதைச் சொல்வதில்லை, அறுபது வயதுத் தென்னைக்கும் உச்சியில் குருத்து உண்டு. குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை பின்னியவர்களுக்குத் தெரியும், அது வெளுத்து வழவழவென்று இருக்கும், மடக்கினால் மடங்கும், ஒடியாது. அண்ணியிடம் குருத்தெலும்பு என்றதும் காதுமடலைத் தொட்டு "இதுவா?" என்று கேட்டார். இலங்கைத் தமிழர் கசியிழையம் என்கிறார்கள். எலும்பல்ல, இழையம் (திசு) என்று சொல்வதில் அது துல்லியம்தான், ஆனால் அதைக் கேட்டு யாரும் காதைத் தொட மாட்டார்கள்.

அப்புறம், அதே தாளில் 'தேய்மானம்' என்றும் இருந்தது. தேய்மானம் வயதான மூட்டுக்குச் சொல்வது. இவனுக்கு இடுப்புக் கிண்ணத்தின் ஓரத்தைச் சுற்றியுள்ள லேப்ரம் கிழிந்திருக்கிறது. லத்தீனில் உதடு என்று பொருள். நமக்கு விளிம்புக் குருத்தெலும்பு போதும். தொடையெலும்பின் கழுத்தில் இருந்த புடைப்பு, குனிந்து பாயும்போதெல்லாம் அந்த விளிம்பில் இடித்திருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, தானாக ஆறுவது கடினம். அதனால் சிறு துளை வழியே கேமரா விட்டு, கிழிந்ததை எலும்போடு சேர்த்துத் தைத்து, புடைப்பையும் செதுக்கிவிடுவார்கள். மூட்டை மாற்றுவதில்லை. தேய்மானம் என்று படித்த உறவினர்களோ 'மூட்டையே மாற்றிவிடுங்கள்' என்று ஆலோசனை சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

தமிழாக்குகிறவர்கள் மலையாளத் தாளை மட்டும் பார்த்து எழுதாமல், கத்தி பிடிக்கிற மருத்துவரிடம் 'தேய்ந்ததா, கிழிந்ததா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதட்டும்.