மொசைக் போட்டால் எண் மறையுமா?

உரையாடல் செயலியில் செய்திகள் வரிசை மாறி வருகின்றன, பிழை அறிக்கையோடு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்கிறார்கள் என்று சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். படத்தில் அவருடைய அம்மாவின் அடையாள அட்டை எண்ணும் கைத்தொலைபேசி எண்ணும் இருக்கின்றனவாம். மொசைக் போட்டு மறைத்தால் போதுமா என்பது கேள்வி.

போதாது. கறுப்புப் பெட்டி போட்டு மூடுங்கள். பிழையைத் தேடுபவருக்குச் செய்திகளின் நேரமும் வரிசையும் செயலியின் பதிப்பு எண்ணும் தெரிந்தால் சரி. அம்மாவின் எண் எதற்கு?

மொசைக் என்பது வெறும் சராசரிக் கணக்கு. படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள பிக்சல்களின், அதாவது படத்தின் நுண்புள்ளிகளின், நிறத்துக்குச் சராசரி எடுத்து, அந்த ஒரே நிறத்தால் சதுரத்தை நிரப்பிவிடுகிறது. எட்டுக்கு எட்டு சதுரம் என்றால் 64 பிக்சல்கள் போய் ஒரு நிறம் மிஞ்சும். சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த 64-ஐயும் திரும்பப் பெற முடியாது.

ஆனால் எண்ணைக் கண்டுபிடிக்க நினைப்பவர் அந்த வழியில் வருவதே இல்லை. அரைத்த மசாலாவிலிருந்து மல்லியைப் பிரித்தெடுக்க முடியாதுதான். நாமே வெவ்வேறு அளவில் அரைத்து, எது அதே நிறத்தில் வருகிறது என்று பார்க்கலாமே! செயலியின் எழுத்துரு எல்லோருக்கும் தெரிந்தது. எழுத்தின் அளவு, மூடாமல் விட்ட பக்கத்துச் செய்தியிலேயே இருக்கிறது. 0 முதல் 9 வரை ஒவ்வொன்றாக எழுதி, அதே மொசைக்கைப் போட்டு ஒப்பிட வேண்டியதுதான். 8 போட்டால் சதுரங்கள் அடர்த்தியாக வரும், 1 போட்டால் வெளிறிப்போகும். 6-உம் 9-உம் ஏறக்குறைய ஒரே அளவு கறுப்புதான், ஆனால் 6-இன் வட்டம் கீழே இருப்பதால் கீழ்ச் சதுரம் கறுக்கும். 9-க்கு மேல் சதுரம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். எட்டு இலக்க எண்கள் மொத்தம் பத்துக் கோடி. அத்தனையையும் சோதிக்கத் தேவையில்லை. இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கமாகப் பொருத்திக்கொண்டே போனால், இலக்கத்துக்குப் பத்து வீதம் 80 சோதனைகள்! சிங்கப்பூர்க் கைத்தொலைபேசி எண்கள் 8 அல்லது 9-இல் தொடங்குவதால் இன்னும் குறைவு. இப்படி எழுத்தெழுத்தாக ஊகித்துப் பொருத்தும் நிரல் ஒன்றை 2022-இல் பிஷப் ஃபாக்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் டான் பெட்ரோ வெளியிட்டார்.

சதுரம் இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் விழுந்தால், 3-ஆ 8-ஆ என்று ஒரு சந்தேகம் நிற்கலாம். அடையாள அட்டை எண்ணில் அதுவும் தீர்ந்துவிடும். எஸ் என்று தொடங்கும் எண்ணில் ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2-ஆல் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் எண்ணின் முடிவில் உள்ள ஆங்கில எழுத்தைத் தீர்மானிக்கிறது. 11 பகா எண் என்பதால், ஓர் இலக்கம் மாறினாலே எழுத்தும் கட்டாயம் மாறும். தட்டச்சுப் பிழையைப் பிடிக்க வைத்த ஏற்பாடு, மொசைக்கை உடைப்பவருக்குச் சரிபார்த்தும் கொடுக்கிறது.

மங்கலாக்கிவிட்டால் பாதுகாப்பு என்பதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். எழுத்தை மறைக்க மொசைக்கைக் கையில் கொடுக்கும் படத்திருத்திகள் அதை வளர்க்கின்றன. அவற்றிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும். கறுப்புப் பெட்டிக்குள் கீழே என்ன இருந்தாலும் எல்லாப் பிக்சலுக்கும் ஒரே மதிப்பு, ஒப்பிட எதுவும் கிடைக்காது. ஹைலைட்டர் பேனா மட்டும் வேண்டாம். அது ஒளி ஊடுருவும் மை. பல முறை தேய்த்தாலும், வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து எட்டிப்பார்க்கலாம்.

மூடுவதற்குப் பதில் அந்தப் பகுதியையே வெட்டிவிடுவதிலும் ஒரு சிக்கல் வந்தது. கூகுள் பிக்சல் கைப்பேசியின் படத்திருத்தி, வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதிவிட்டு, மிச்சமிருந்த பழைய தரவை அழிக்காமல் விட்டிருந்தது 2023-இல் தெரியவந்தது. வெட்டிய பகுதியைக்கூட ஓரளவு மீட்க முடிந்தது. விண்டோஸ் 11-இல் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் ஸ்னிப்பிங் டூலிலும் அதே குறை. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். இருந்தாலும், மறைத்து முடித்த படத்தைத் திரையில் திறந்து அதையே இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். புதுக் கோப்பில் திரையில் தெரிந்த பிக்சல்கள் மட்டுமே இருக்கும்.