மார்சிபான்: வாதுமைப் பிடிமா

தோல் நீக்கிய பாதாம்பருப்பைச் சர்க்கரையோடு நைய அரைத்துப் பிசைந்த இனிப்பு மாவே மார்சிபான். ஜெர்மனியின் லூபெக், ஸ்பெயினின் தொலேதோ, சிசிலியின் பலேர்மோ மூன்றும் இதற்குப் பேர்போன ஊர்கள். பலேர்மோவில் நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளையொட்டி இதைப் பழங்களாகச் செய்து வண்ணம் தீட்டுவார்கள்.

இத்தாலியச் சொல்லான ‘மார்த்சபானே’ வழியாக இப்பெயர் பரவியது. அதற்கு முந்தைய மூலத்தில் கருத்து வேறுபாடு உண்டு. பர்மாவின் மர்தபான் துறைமுகத்திலிருந்து போன சாடிகளின் பெயர் பெட்டிக்கும், பிறகு அதில் அடைத்த இனிப்புக்கும் ஆகிவந்தது என்பது ஒரு விளக்கம். நம் இலக்கணம் இதை ஆகுபெயர் என்று சொல்லிவிடும். இந்தியில் ஊறுகாய்ச் சாடிக்கு வழங்கும் ‘மர்த்தபான்’ அந்த ஊர்ப்பெயர்தான். ‘மாற்குவின் அப்பம்’ என்ற லத்தீன் விளக்கம் ஒலியை வைத்துப் பின்னாளில் கட்டியது.

இந்த இனிப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘பாதாம் விழுது’ என்றால் குருமாவுக்கு அரைப்பது நினைவுக்கு வரும். ‘பாதாம் பிசின்’ வேறு பொருள். கையால் உருவம் செய்வதைப் ‘பிடித்தல்’ என்கிறோம்: பிள்ளையார் பிடிக்கிறோம், கொழுக்கட்டை பிடிக்கிறோம். ஆகவே ‘வாதுமைப் பிடிமா’ என்பதே பொருந்தும்.

உருவம் பிடிக்க, நன்றாகச் சலித்த பாதாம் மாவு 200 கிராம், ஐசிங் சர்க்கரை 200 கிராம், திரவ குளுக்கோஸ் ஒரு மேசைக்கரண்டி. தண்ணீரைத் தேக்கரண்டியால் சிறிது சிறிதாக விட்டு, மா ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் பிசைந்தால் கைச்சூட்டில் எண்ணெய் கசிந்து மா பளபளக்கும், பிறகு உதிரும். சில துளி சர்க்கரைப்பாகு விட்டு மெல்லச் சேர்த்தால் ஓரளவு மீளும். நிறத்துக்கு ஜெல் அல்லது பொடிதான். நீர்த்த நிறம் மாவைப் பிசுபிசுப்பாக்கும்.

ரோஜாவுக்கு முதலில் கூம்பு. பிறகு சுண்டைக்காய் அளவு உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, ஒரு பக்க விளிம்பை மட்டும் கட்டைவிரலால் தாள்போல் தேய்க்க வேண்டும். அடி தடிப்பாகவே இருக்கட்டும், இதழைத் தாங்குவது அதுதான். முதல் இதழ் கூம்பை முழுக்க மூடும்; அடுத்த சுற்றுக்கு மூன்று, அதற்கடுத்து ஐந்து. விளிம்பு வெடித்தால் மா காய்ந்திருக்கிறது. இதழ் தொய்ந்தால் நீரோ குளுக்கோஸோ கூடிவிட்டது, ஐசிங் சர்க்கரை கொஞ்சம் சேர்க்கலாம்.

பன்றிக்குட்டி போன்ற பொம்மைகளுக்கு உருண்டையில் மடிப்பே தெரியாதபடி உள்ளங்கையில் உருட்டிய பிறகே வடிவம் பிடிக்க வேண்டும். உள்ளே தங்கிய மடிப்பு காயும்போது பிளவாக வெளிவரும். தலையை ஒட்ட முட்டையின் வெள்ளைக்கரு ஒரு தொடுகை போதும். வண்ணம் தீட்டும் முன் ஓரிரவு காய வேண்டும். முடிந்ததைத் திறந்தபடி குளிர்பெட்டியில் வைத்தால் வெளியே எடுத்ததும் நீர் பூத்து நிறம் ஓடும். காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.