கூன் விழுந்த ஆயாவின் உயரம் முழங்காலில் இருக்கிறது

டர்பனில் நம் மக்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கிளினிக்குக்கு வரும் 80 வயது ஆயாவைச் சுவரோரம் நிறுத்தி அளந்தால் 140 செ.மீ. வருகிறது, எடை 47 கிலோ என்று வையுங்கள். உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ., கிலோ எடையை மீட்டர் உயரத்தின் இருமடியால் வகுத்தது) 24. "ஆயா நல்லாத்தான் இருக்காங்க" என்று அட்டையை மூடிவிடுவார்கள். ஆனால் குதிகாலிலிருந்து முழங்கால் வரையிலான முழங்கால் உயரம் 46 செ.மீ. என்றால், கீழே வரும் சூத்திரப்படி அவருடைய உயரம் ஏறக்குறைய 150. குறியீடு 21-ஐக்கூடத் தொடாது. முதியோரின் ஊட்டநிலையை மதிப்பிடும் எம்.என்.ஏ. படிவத்தில் முதல் கணக்குக்கு 3 மதிப்பெண், இரண்டாவதற்கு 1; மதிப்பெண் குறைந்தால் ஊட்டக்குறைவு.

வயதானால் முதுகெலும்புகள் நசுங்கும், இடைத்தட்டுகள் வற்றும். காலெலும்பு அப்படிக் குறுகுவதில்லை.

இடது காலை அளங்கள். செருப்பைக் கழற்றி, புடவையை முழங்காலுக்கு மேல் ஒதுக்குங்கள். முழங்காலும் கணுக்காலும் 90 பாகையில் மடங்கியிருக்க வேண்டும். அளவி என்பது தண்டில் இரண்டு தகடுகள் உள்ள கருவி. அதன் ஒரு தகடு குதிகாலுக்கு அடியில். மற்றது தொடைமேல், முழங்கால் சில்லுக்கு 5 செ.மீ. பின்னால். சில்லின் மேலேயே வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தண்டு காலெலும்புக்கு இணையாக நிற்கட்டும். தகட்டை லேசாக அழுத்தி, இருமுறை அளங்கள், அரை செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் மூன்றாம் முறை. படுக்கையில் இருப்பவருக்கும் காலை மடக்கி இப்படியே அளக்கலாம். பாதம் கீழ்நோக்கி இறுகிப்போனவருக்கு இது சரிவராது.

பெண்களுக்கு: முழங்கால் உயரம் × 1.83, அதோடு 84.88 கூட்டி, வயது × 0.24 கழிக்க வேண்டும். ஆண்களுக்கு அந்த எண்கள் 2.02, 64.19, 0.04. அமெரிக்க வெள்ளை முதியோரை அளந்து 1985-இல் வந்த சூத்திரம் இது. நம் உடல்வாகுக்குச் சில செ.மீ. பிசகும், எனவே ஒவ்வொரு முறையும் இதே முறையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

தராசில் ஏற்ற முடியாதவருக்கு மேற்கையின் சுற்றளவை அளக்கலாம். தோள் நுனிக்கும் முழங்கை முனைக்கும் நடுவே, கையை மடக்கிக் குறியிட்டு, பிறகு தொங்கவிட்டுச் சுற்றளவு எடுங்கள். டேப் சதையை இறுக்கக் கூடாது. 23.5 செ.மீ.க்குக் கீழே என்றால் குறியீடு 20-க்கும் கீழே இருக்கக்கூடும். கெண்டைக்காலின் சுற்றளவு 31 செ.மீ.க்குக் குறைந்தால் தசை கரைந்திருக்கிறது என்று ஐயப்படலாம். ஆனால் காலில் நீர் கோத்திருந்தால் அந்த டேப் நம்மை ஏமாற்றிவிடும். கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று முதலில் பாருங்கள்.

சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுக்கு மற்றக் காலை அளந்து, இழந்த காலின் எடையையும் கணக்கில் சேர்க்க, தராசு காட்டும் எடையை 0.94-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு நிறுத்தால்தான் இது பொருந்தும்.