மேட்ரிக்ஸ்னா எல்லா இடத்துலயும் "அணி" இல்ல: மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரில வர்ற திரவ மேட்ரிக்ஸ்

மஞ்சக்குப்பத்துல இருக்குற சித்தி பொண்ணு எம்எஸ்சி கெமிஸ்ட்ரி படிக்குது, போன வாரம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, அதாவது மூலக்கூற அயனியாக்கி அதோட நிறை எவ்வளவுனு அளக்கற முறை, அது பத்தின ஒரு நோட்ஸ எடுத்துட்டு வந்து "அண்ணா, இதுல அணித் திரவம்னு போட்டிருக்கே, பிளஸ் டூ கணக்குல வர்ற அணியா இது?"னு கேட்டுச்சு. யாரோ மேட்ரிக்ஸ்ங்கற வார்த்தைக்கு கணக்கு புக்ல இருக்கற தமிழ அப்படியே தூக்கி கெமிஸ்ட்ரில வச்சிட்டாங்க. அது தப்பு, ஏன் தப்புனு புரிஞ்சா எந்த சாம்பிளுக்கு எந்த திரவம்ங்கறதும் பாதி புரிஞ்சிரும்.

மேட்ரிக்ஸ் லத்தீன் சொல்லு, அம்மாங்கற வார்த்தைலேர்ந்து வந்தது. மொதல்ல குட்டி போடற பெண் விலங்குக்கு சொன்னாங்க, பின்னாடி கருப்பைனு அர்த்தமாச்சு. 1850ல இங்கிலாந்து கணிதக்காரர் சில்வெஸ்டர் எண்கள அடுக்கின கட்டத்துக்கு இந்த பேர வச்சார், அதுக்குள்ளேர்ந்து பல டிடர்மினன்ட் (அணிக்கோவை) பிறக்குதுங்கற கணக்குல. நாம அது வரிசையா நிக்கறத பாத்து அணினு சொன்னோம், இலங்கைல தாயம்ங்கறாங்க. கணக்குக்கு அணி அருமையான சொல்லு, ஆனா மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரில மேட்ரிக்ஸா வைக்கற ஒரு சொட்டு கிளிசரால்ல (கிளிசரின்) என்ன வரிசை இருக்கு?

1981ல மான்செஸ்டர்ல மைக்கேல் பார்பர் குழு கொண்டு வந்த ஃபாஸ்ட் ஆட்டம் பம்பார்ட்மென்ட், சுருக்கமா ஃபேப், அதுல தான் இந்த திரவத்தோட வேல நல்லா தெரியும். சின்ன உலோக முனைல திரவத்த தடவி அதுல சாம்பிள கரைச்சு வேக்குவத்துக்குள்ள வச்சு, செனான் இல்லன்னா ஆர்கான் அணுக்கள வேகமா வந்து மோத விடுவாங்க. நாத்து பறிச்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். நாத்தங்கால்ல தண்ணி இல்லாம காஞ்சு கெடந்தா இழுக்கறப்ப வேர் அறுந்துரும், சேறா தண்ணி நின்னா முழு வேரோட வரும். திரவம் தான் இங்க அந்த சேறு, அடிய தானே வாங்கிக்கிட்டு மூலக்கூற ஒடையாம வெளிய விடுது, மேல இருந்தது போனதும் அடிலேர்ந்து புது சாம்பிள் மேல வந்துக்கிட்டே இருக்கு, பெரும்பாலும் ஒரு புரோட்டானையும் குடுத்து அயனியாக்கி அனுப்புது.

அதனால தேர்வு செய்றப்ப மொதல்ல பாக்க வேண்டியது சாம்பிள் அதுல கரையுதா, ரெண்டாவது அது வேக்குவத்துல உடனே ஆவியாகாம சில நிமிஷமாவது நிக்குமா. சர்க்கரை, பெப்டைடு (புரோட்டீனோட சின்ன துண்டு) மாதிரி போலார், அதாவது தண்ணியோட ஒத்துப்போற, சாம்பிளுக்கு கிளிசரால், அதுல கரையாத போலார் கம்மியான பொருளுக்கும் உலோக காம்ப்ளெக்ஸுக்கும் நைட்ரோபென்சைல் ஆல்கஹால், நெகட்டிவ் அயனி வேணும்னா ட்ரைஎத்தனாலமைன். தயோகிளிசரால் நல்லா வேல செய்யும், ஆனா கிளிசரால விட சீக்கிரம் ஆவியாயிரும், அதோட சல்ஃபர் சல்ஃபர் பிணைப்பு இருக்கற பெப்டைட கொஞ்சம் கொஞ்சமா ஒடுக்கி, அதாவது அந்த பிணைப்ப ஒடைச்சு ரெண்டு ஹைட்ரஜன சேத்து, நிறைல 2 கூட்டிக் காட்டிரும், இத கவனிக்காம விட்டு ரெண்டு நாள் நான் தப்பான ஃபார்முலாவ வச்சிக்கிட்டு தவிச்சிருக்கேன். எங்க தெரு போர் தண்ணி உப்பு, அதுல கழுவின பாட்டில்ல சாம்பிள் எடுத்தா கருவி வரையற படத்துல புரோட்டான் ஏறின மூலக்கூறோட பீக்குக்கு, அதாவது கூர்முனைக்கு, 22 மேல சோடியம் ஏறின பீக் நிக்கும், அது திரவத்தோட குத்தம் இல்ல.

திரவமே தர்ற பீக்க மனப்பாடமா வச்சிக்கணும். கிளிசராலுக்கு 93, 185, 277, 369, அதாவது 92 92ஆ ஏறும். நைட்ரோபென்சைல் ஆல்கஹாலுக்கு 136, 154, 307. உங்க சாம்பிளோட நிறை இதுல எதுலயாவது போய் விழுந்தா வேற திரவம் மாத்துங்க, வேற வழி இல்ல.

இப்ப சொல்லுக்கு வரேன். கரைப்பான்னு சொல்லக்கூடாது, கரைப்பான் ஆவியாகி போயிரும், இது நின்னு அடி வாங்கணும். ஊடகம்னா டிவி பேப்பர் ஞாபகம் வருது. தாய்த்திரவம் வேரோட ஒத்து போகும், ஆனா படிகமாக்கறப்ப மிச்சம் நிக்கற தாய்க்கரைசலோட கொழம்பிரும். என் மனசுக்கு பட்டது ஏந்துதிரவம். கொழந்தைய கைல ஏந்தறோம்ல, கீழ விடாம தாங்கறதும் எடுத்து நீட்டறதும் ரெண்டும் அந்த ஒரு சொல்லுல இருக்கு, லத்தீன்ல இருந்த அம்மாவும் போகல.

திரவம்னு குறிப்பா சொல்றதுக்கு காரணம் இருக்கு, இப்ப அதிகமா ஓடற மால்டிங்கற, லேசர் அடிச்சு அயனியாக்கற முறைல மேட்ரிக்ஸ் பொதுவா படிகமா காஞ்ச திடப்பொருள், அதுக்கு ஏந்துபொருள்னு சொல்லலாம். 2002ல நோபல் வாங்கின ஜப்பான்காரர் தனாகா லேசர்ல பண்ணப்ப கோபால்ட் பொடில அசிட்டோனுக்கு பதிலா தப்பா கிளிசரால கலந்துட்டு, வீணாக்க மனசு வராம அதையே வச்சு பாத்தார், பெரிய மூலக்கூறு ஒடையாம வந்தது, அங்க ஏந்துதிரவமும் ஏந்துபொருளும் ஒரே கலவைல சேந்தே இருந்துச்சு.