கெட்ட செய்தி உங்களிடம் எத்தனை நாளில் வருகிறது?

புற்றுநோய் மருந்து கண்டுபிடிப்பில் பல வருடங்களாகக் குழுக்களை நடத்தி வருகிறேன். புதிதாகத் தலைமைப் பொறுப்புக்கு வருகிறவர்கள், எந்தப் புரதத்தை மருந்தின் இலக்காக எடுக்கலாம், எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்றுதான் என்னிடம் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரு சோதனை சொதப்பினால், அதை யார், எத்தனை நாளில் உங்களிடம் வந்து சொல்வார்கள்?

ஒருமுறை, செல்கள் வளரும் 384 சின்னக் குழிகள் கொண்ட தட்டுகளில் ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் சோதித்தோம். ஹிட், அதாவது செல்களைக் கொன்றதாகத் தெரிந்த சேர்மங்கள், நிறையக் கிடைத்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை, மேலிடத்துக்கும் சொல்லிவிட்டேன். சேர்ந்து நாலே மாதம் ஆன ஒரு பெண் ஒருநாள் மாலை தட்டுகளின் படத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். செல்கள் செத்துக் கிடந்த குழிகளில் பெரும்பாலானவை ஓர வரிசைகளில் இருந்தன. செல்களை வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரில் ஓரக் குழிகளில் திரவம் சீக்கிரம் ஆவியாகும், மிச்சமிருப்பது செறிவாகும், செல் அதிலேயே வாடிப்போகும். சேர்மங்களை இடம் மாற்றி வைத்து மறுபடி ஓட்டினோம், முக்கால்வாசி ஹிட் காணாமல் போனது. சரி, அது நடப்பதுதான். ஆனால் அவர் அதைக் கவனித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததைப் பார்த்துச் சொல்லத் தயங்கினாராம். அந்த மூன்று வாரத்துக்கும் பொறுப்பு நான்தான்.

இப்படிச் சொல்லப்படாமல் போகும் சந்தேகம் நோயாளி வரைக்கும் போய்விடலாம். மெல்க் என்ற புரதம் இல்லாமல் சில மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் பிழைக்காது என்று நம்பி, அதைத் தடுக்கும் மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் வரை போனார்கள். 2017இல் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஜேசன் ஷெல்ட்ஸரின் குழு, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு, மெல்க்கை உருவாக்கும் மரபணுவையே செயலிழக்கச் செய்து பார்த்தது. செல்கள் வழக்கம்போல வளர்ந்தன. மெல்க் இல்லாத செல்களையும் அந்த மருந்து கொன்றது, அதாவது அது வேறு எதையோ தாக்கிக்கொண்டிருந்தது. இலக்கு இல்லாத செல்லில் மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்பதை இப்போது எங்கள் குழுவில் முதல் வேலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறோம். ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வரிசை உண்மையில் எதுவென்று பார்க்கும் அடையாளச் சோதனையும், செல்களில் தெரியாமல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான சோதனையும் அப்படித்தான். எம்டிஏ-எம்பி-435 என்ற வரிசையை மார்பகப் புற்றுநோய் என்று நினைத்துப் பல வருடம் ஆராய்ந்தார்கள், அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்புறம், எந்த முடிவு வந்தால் திட்டத்தை நிறுத்துவோம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டு விடுகிறோம். இரண்டு வருடம் உழைத்த பிறகு உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் நிறுத்த மனசு வராது, எனக்கும் வராது.

அதற்காகக் கஷ்டமான இலக்கையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கேராஸ் மரபணுவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1980களின் தொடக்கத்திலேயே தெரியும். மருந்து ஒட்டிக்கொள்ள அது உருவாக்கும் புரதத்தில் இடமே இல்லை என்று பலர் கைவிட்டார்கள். 2013இல் வேதி உயிரியலாளர் கெவன் ஷோகட்டின் குழு, ஜி12சி என்ற மாற்றம் உள்ள வடிவத்தில் ஒரு சின்னப் பள்ளத்தைக் காட்டியது. அந்தப் பள்ளத்தில் ஒட்டும் சோட்டோராசிப் என்ற மருந்து 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாம் நிறுத்துவது ஒரு மூலக்கூறையா, ஒரு கருதுகோளையா, இல்லை அந்த இலக்கையேவா என்று தலைவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைக் குழப்பினால் நல்ல ஆட்கள் மனசு விட்டுப் போவார்கள்.

இன்னொன்றும் மாற்றினேன். வாரக் கூட்டத்தில் நான் கடைசியில்தான் பேசுகிறேன், முதல் பதினைந்து நிமிடத்தைச் சரியாக வராத சோதனைகளுக்கு ஒதுக்குகிறோம். ஒரு திட்டத்தைத் தகுந்த ஆதாரத்தோடு நிறுத்தியவருக்கு, மருந்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவருக்குத் தரும் அதே மதிப்பெண்ணை ஆண்டு மதிப்பீட்டில் தருகிறோம். முதல் வருடம் யாரும் இதை நம்பவில்லை. இரண்டாவது வருடம், தன் சொந்தத் திட்டத்தை நிறுத்தச் சொல்லி ஒருவர் ஒரு வரைபடத்தோடு என் அறைக்கு வந்தார். முந்தைய நாள் மாலைதான் வந்த முடிவு அது.