செல்வாக்கு: சுவாதீனமும் அல்ல, தாக்கமும் அல்ல

கேரள எல்லையில் உள்ள பாறசாலையில் ஒரு கருத்தரங்க நோட்டீஸ். மலையாளத் தலைப்பில் செல்வாக்கு என்ற பொருளில் இருந்த ‘சுவாதீனம்’ தமிழ்ப் பக்கத்திலும் அப்படியே இறங்கியிருந்தது: ‘சமூக நீதியில் மதத் தலைவர்களின் சுவாதீனம்’. தமிழில் அந்தச் சொல் நில உடைமையைக் குறித்துப் பத்திரத்தில் வரும். இல்லையென்றால் ‘புத்தி சுவாதீனம்’ என்று வரும். பக்கத்தில் நின்று வாசித்த அக்கா, “சாமியார்களின் நிலத்தைப் பற்றிய கூட்டமா தம்பி?” என்று கேட்டார். அமைப்பாளர்களிடம் சொன்னேன். இரண்டாவது நோட்டீஸில் ‘தாக்கம்’ என்று மாற்றியிருந்தார்கள்.

முதல் பிழையை மன்னிக்கலாம். எல்லையில் இரண்டு மொழிகளும் ஒரே நாக்கில் புழங்கும்போது ஒன்றின் சொல் மற்றொன்றில் வந்து விழும். தாக்கம் அப்படிப்பட்டதல்ல; நாளிதழிலும் மேடையிலும் தெரிந்தே எழுதப்படுகிறது.

அங்கே வர வேண்டிய சொல் செல்வாக்கு. அது வினைத்தொகை: செல்லும் வாக்கு. ‘செல்லாக் காசு’ என்கிறோமே, அந்தச் ‘செல்’. வாக்கு வடமொழி வழி வந்தது.

‘வாக்கு’ வடசொல், ஆகவே தாக்கமே தூய தமிழ் என்கிறார்கள். வாக்குக் கொடுத்து, வாக்குத் தவறி, வாக்குச் சீட்டும் போட்ட பிறகு அந்தச் சொல்லை அயலாக்க எனக்கு மனமில்லை. தூய்மைக்காகப் பொருளை விட்டுக்கொடுக்கவும் முடியாது. தாக்கம் ‘தாக்கு’ என்பதிலிருந்து வருவது: வெயிலின் தாக்கம், புயலின் தாக்கம். அது நிகழ்ச்சியின் விளைவு. செல்வாக்கு ஓர் ஆளிடம் இருப்பது. செல்வாக்கு வளரும், சரியும், ஒருவர் அதை இழப்பார். ‘தாக்கத்தை இழந்தார்’ என்று எழுதிப் பாருங்கள்.

நெய்யாற்றங்கரைக்குப் பக்கத்தில் அருவிப்புறத்தில் 1888-இல், சாதி ஒடுக்குமுறையை எதிர்த்த துறவி நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார். அந்தச் செயலின் விளைவைத் தாக்கம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசில் எந்தப் பதவியும் இல்லாத அவர், கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்கும் உரிமைக்கான வைக்கம் போராட்டத்துக்குத் துணை நின்றபோது அதன் பலம் கூடியதே, அது செல்வாக்கு. 1928-இல் அவர் மறைந்தார். 1936-இல் திருவிதாங்கூர் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்ட ஆணை வந்தது. அப்போதும் அவர் வாக்கு சென்றுகொண்டுதான் இருந்தது. குருவுக்கு முன்பே, குமரியில் சாதி ஒடுக்குமுறையை எதிர்த்த ஐயா வைகுண்டரைத் திருவிதாங்கூர் அரசு சிறையில் அடைத்ததே, எதற்கு? சாமித்தோப்பில் அவர் சொன்னதை மக்கள் ஏற்று நடந்தார்கள் என்பதற்காக.

செல்வாக்கு என்றால் சிபாரிசு நாற்றம் அடிக்கிறது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். வேலை வாங்கித் தருகிறவர்கள் அந்தச் சொல்லை அழுக்காக்கினார்கள் என்றால், நாம் அதைக் கழுவி எடுத்து வைகுண்டருக்கும் குருவுக்கும் பயன்படுத்த வேண்டும். சிபாரிசுக்காரர்களிடம் விட்டுவிட்டு ஓடக்கூடாது. மொழிபெயர்ப்பவர்களோ அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். எழுதிய வரியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை.

கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. மேடைப் பதாகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த ஒரு சொல்லை மாற்றிவிடுங்கள்.